ராஜா கதை வேண்டாம், தம்பி!

சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அந்த மலைமேல் உள்ள ஊர்களில் ஒன்று வெள்ளக்கடை. காப்பிச் செடிகளும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளும் நிறைந்த சேர்வராயன் மலை அது.

அங்கே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனிடம், "ஒரு கதை எழுது, தம்பி" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எப்படித் தொடங்குவான்? "ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா" என்றுதான்! அவன் ராஜாவையும் பார்த்ததில்லை, அரண்மனையையும் பார்த்ததில்லை. ஆனாலும் ராஜாதான் வருகிறார். தன் வீட்டில் நடப்பதெல்லாம் கதையாகுமா என்று அவனுக்குச் சந்தேகம். வீட்டில் பேசுகிற பேச்சைத் தாளில் எழுதக் கூச்சம்.

இந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் உபாத்தியாயரின் முதல் வேலை.

அம்மாவின் கூலி

"நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும்.

"ஒண்ணும் நடக்கலே, சார். அம்மா வேலைக்குப் போயிட்டு வந்தாங்க."

விடக்கூடாது! "வந்ததும் என்ன செய்தாங்க?"

"முந்தானை முடிச்சை அவுத்துக் காசை எண்ணினாங்க. மறுபடியும் எண்ணினாங்க. அப்புறம் அடுப்புப் பத்த வெச்சாங்க. யார்கிட்டேயும் பேசலே."

கதை வந்துவிட்டது! காப்பிப் பழம் பறிக்கப் போன தாய்க்குக் கூலி குறைந்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை பார்த்துவிட்டான். ஒரே மாலை, இரண்டே பேர், ஒரு சம்பவம். சிறுகதைக்கு இது போதாதா? "அம்மா மிகவும் வருந்தினாள்" என்று எழுதவே வேண்டாம். இரண்டு தடவை எண்ணினாள் என்றாலே படிப்பவருக்குப் புரியும். பையன் கடைசியில், "ஆகவே உழைப்பே உயர்வு தரும்" என்று ஒரு வரி சேர்ப்பான். அதை மட்டும் அடித்துவிடச் சொல்ல வேண்டும்.

ஏழாவது படித்தவர்

பேச்சுத் தமிழில் எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறார்களே என்று கேட்பீர்கள். பரீட்சைக் கட்டுரைக்கு இலக்கணத் தமிழ் வேண்டியதுதான். ஆனால் கதையில் அம்மா பேசினால் அம்மா மாதிரிதானே பேச வேண்டும்?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். அங்கே கி. ராஜநாராயணன் விவசாயம் செய்துவந்தார். பள்ளிப் படிப்பு ஏழாவதோடு சரி. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, 1958-இல், ‘சரஸ்வதி’ பத்திரிகையில் அவருடைய ‘மாயமான்’ கதை வெளிவந்தது. கரிசல் காட்டு மக்களின் பேச்சையே அவர் எழுத்தாக்கினார். அந்தச் சொற்களைத் திரட்டி அகராதியும் போட்டார். 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றார். (அதே ஊர்க்காரரான கு. அழகிரிசாமிக்கும் 1970-இல் அந்தப் பரிசு கிடைத்தது. ஒரு சின்னக் கிராமத்துக்கு இரண்டு பரிசு!)

2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அந்த நாவலின் ஒரு பகுதி பாடமாயிற்று. ஏழாவதோடு நின்றவர் எழுதியதை எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகள் படித்தார்கள்!

எழுதிய கதையை என்ன செய்வது? ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிப்பவர்களுக்காக, அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022-இல் ‘தேன்சிட்டு’ என்ற இதழைத் தொடங்கியது. இப்படிப்பட்ட இதழுக்கு அனுப்பலாம். அதற்கு முன் பையன் வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசிக்கட்டும். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அந்த வாக்கியத்தை மாற்றி எழுதட்டும்.

பிறகு வீட்டில் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டட்டும். எழுத்துத் தெரியாத தாயும் கேட்பாள். கேட்டுவிட்டுச் சொன்னாலும் சொல்வாள்: "ரெண்டு தடவை இல்லேடா. மூணு தடவை எண்ணினேன்."