கதாநாயகிக்கு வீட்டிலேயே ‘சபாஷ்’!

ஆவடி, அம்பத்தூர் ரெயிலில் கதைப் புத்தகமும் கையுமாக வீடு திரும்பும் பெண்களே, இதைக் கேளுங்கள்!

திருவல்லிக்கேணி வை.மு.கோதைநாயகி 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதிலேயே கல்யாணம். எழுதத் தெரியாது. ஆனால் கதை சொன்னால் பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்து கேட்கும்.

கணவர் பார்த்தசாரதி தடை போடவில்லை. நாடகம் பார்க்க அழைத்துப் போனார்; தைரியம் சொன்னார். இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். ‘இந்திர மோகனா’ நாடகம் ரெடி!

பிறகு தானே எழுதப் பழகினார். முதல் நாவல் ‘வைதேகி’. 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையே ஏற்று நடத்தினார். மொத்தம் 115 நாவல்கள்!

“பொம்பளைக்கு எதுக்குக் கதை?” என்று அன்று வீட்டில் சொல்லியிருந்தால், வைதேகி அச்சேறியிருப்பாளா?