காம்பாக்ட் கேமராவுக்குத் தோல் உறை: ஆரணி தறி வீடுகளில் போட்டுப் பார்த்தோம்!

‘போன்லயே எல்லாம் எடுத்துக்கலாமே, கேமரா எதுக்கு? அதுக்கு ஒரு உறை வேறயா?’ன்னு கேட்கிறவங்க ஒருமுறை ஆரணி வந்து தறி வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கணும். குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டி. வெளிச்சம்னா ஒரு டியூப் லைட்டும் ஒரு ஜன்னலும்தான். பெரிய கேமராவும் முதுகுப் பையுமாப் போனா திரும்பக்கூட இடம் இருக்காது. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்ற கேமராக்கள் சுமார் 240 கிராம்தான். சட்டைப் பையிலேயே அடங்கிடும். லென்ஸும் கொஞ்ச வெளிச்சத்தில் நல்லா வேலை செய்யும்.

ஆனா வெறும் கேமராவைப் பையில் போட்டா சாவியோடு உரசும், தூசி ஏறும். அதனால் ஒரு தோல் உறையை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் சுற்றினோம். ஆரணியில் தோல் உறையைச் சோதிப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கு. இங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ராணிப்பேட்டை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ஆம்பூர், வாணியம்பாடி. நாட்டின் முக்கியமான தோல் பட்டையே இதுதான். பட்டும் தோலும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி.

முதல் பாடம் பக்கிளில் கிடைச்சது. கழுத்தில் மாட்டிய உறையோட தறி மேல குனிஞ்சா, அது நேரா பாவு மேல போய் ஆடும். பாவுல ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் இழுத்துக் கட்டியிருக்கும். உலோக பக்கிளின் முனை ஒரு இழையில் மாட்டினா போதும், அறுந்ததைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போடுறவரைக்கும் தறி நிக்கும். அது நம்ம நேரமில்லை, அவங்க கூலி நேரம். அதனால் வாரைத் தோளில் குறுக்கா மாட்டி, உறையை முதுகுப் பக்கம் தள்ளிட்டுத்தான் உள்ளே போகணும். உறை வாங்குறப்பவே பக்கிளைத் தவிர்த்துட்டு, காந்தப் பொத்தான் வச்சதா பார்த்து வாங்குறது இன்னும் நல்லது. ‘காந்தம் பட்டா மெமரி கார்டு அழிஞ்சிடாதா?’ன்னு பயப்பட வேண்டாம். பழைய கேசட், ஃப்ளாப்பி மாதிரி காந்தப் பதிவு கிடையாது இது. பொத்தானில் இருக்கிற குட்டிக் காந்தம் அதை ஒண்ணும் செய்யாது.

சாயம் ஒட்டுமா?

இது இன்னும் பெரிய கவலை. சாயம் சரியாப் பிடிக்காத தோல், வேர்வையில் நனைஞ்சா துணியில் இறங்கும். வெள்ளைச் சட்டைன்னா திட்டு வாங்கிட்டுப் போயிடலாம். முகூர்த்தப் புடவையில் கறை விழுந்தா? கல்யாண வீட்டுக்குக் கேமரா தூக்கிட்டுப் போறவங்களும் இதைக் கவனிக்கணும். சோதனை ரொம்ப எளிது. வெள்ளைப் பருத்தித் துணியை லேசா ஈரப்படுத்தி, உறையின் உள்பக்கம், வெளிப்பக்கம், வார் மூணையும் இருபது முறை அழுத்தித் தேய்ங்க. துணியில் நிறம் ஏறினா அந்த உறை வேண்டாம். நாங்க கொண்டுபோன உறையின் வெளிப்பக்கம் தப்பிச்சது, வாரின் ஓரத்தில் மட்டும் லேசா பழுப்பு இறங்குச்சு. வெட்டிய ஓரத்தில் பூசுற சாயம்தான் பல நேரம் முதலில் விடும்.

எந்தத் தோல் நல்லது? தாவரச் சத்தால் பதனிட்டது, குரோம் உப்பால் பதனிட்டதுன்னு இரண்டு பெரிய வகை. ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை, வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தோல் விறைப்பா இருக்கும். கேமராவின் வடிவத்துக்குப் படிஞ்சு அப்படியே நிக்கும். வெயிலிலும் கை எண்ணெயிலும் நிறம் ஆழமாகும். குரோம் தோல் ஓரிரு நாளில் தயாராகிடும். மெத்துன்னு இருக்கும், தண்ணிக்கும் கொஞ்சம் தாங்கும், ஆனா கேமரா கீழே விழுந்தா விறைப்பான தோல் அளவுக்குக் காப்பாத்தாது. என் ஓட்டு தாவரத் தோலுக்கு. அதுக்காக அது சுத்தபத்தமான தொழில்னு நினைச்சுக்க வேண்டாம். உப்பும் கழிவுநீரும் இரண்டிலும் உண்டு. இந்தப் பகுதித் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது பற்றிய வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்டணும்னு 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது சட்ட மாணவர்கள் இன்னிக்கும் படிக்கிற தீர்ப்பு.

உறை வேற, பெட்டி வேற

தோல் உறை வாங்குற பலர் கேமராவை வருஷக்கணக்கில் அதிலேயே போட்டு பீரோவில் வச்சிடுறாங்க. லென்ஸுக்கு அதைவிடக் கெடுதல் வேற இல்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், பூஞ்சைக்கு அதுவே தீனியும்கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் செருப்பு மேல வெள்ளையாப் பூக்குமே, அதேதான் லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி படரும். முத்திப்போனா கண்ணாடியின் மேல்பூச்சையே அரிச்சிடும், அப்புறம் துடைச்சாலும் தடம் போகாது. மழைக்காலத்தில் தறிக் குழியில் ஈரம் ஏறி நெசவே நிக்கிற ஊரில் இது எல்லாருக்கும் புரியும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுங்க. காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒண்ணில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைங்க. உறையைத் தனியா, நிழலில் காற்றாட விடுங்க.

ஆர்டர் கொடுத்துத் தைக்கிறதா இருந்தா, அளவை எழுதிக் கொடுக்காம கேமராவையே கையில் எடுத்துட்டுப் போங்க. காம்பாக்ட் கேமராக்களில் பேட்டரி, கார்டு கதவு பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். அரை உறைன்னா அங்கே ஒரு திறப்பு விடச் சொல்லணும், இல்லைன்னா கார்டு மாத்த ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூவைக் கழட்டணும். முழு உறைன்னா பவர் பட்டன் மேல தோல் அழுத்தாம இடம் விடணும். உள்ளே இருக்கிறப்ப தானா ஆன் ஆகி, வெளியே நீள முயல்ற லென்ஸ் தோலில் முட்டினா மோட்டார் போச்சு. தையல்காரர் முன்னாடியே கேமராவை உள்ளே போட்டு, நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க.