தென்றெய்றோவும் பிறேசிலின் கதிரையும்

ஈழத்துத் தமிழில் வழங்கும் ‘கதிரை’ என்னுஞ் சொல் போர்த்துக்கேய மொழியினின்றும் வந்தது. அம்மொழி வழங்கும் பிறேசில் நாட்டிலே கதிரைக்குப் புத்துருவம் அளித்தோருள் முதன்மையானவர் ஜோவக்கீம் தென்றெய்றோ.

1906 இல் போர்த்துக்கல்லிலே தச்சர் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1928 இல் றியோ டி ஜனெய்றோ நகரிற் குடியேறினார். அக்காலச் செல்வர் விரும்பியவை பழைய ஐரோப்பியத் தளபாடங்களின் படிகளே. பாரமான மரமும், நுண்ணிய செதுக்கலும், தடித்த மெத்தையும் கொண்ட அவற்றை ஆக்கும் நிறுவனத்திலேயே இவரும் பணியாற்றினார். எனினும், வெப்பநாட்டு வீட்டுக்கு அவை ஒவ்வா என உணர்ந்தார். தளபாடம் இலேசாயிருத்தல் வேண்டும் என்பது இவர் கொள்கையாயிற்று. இலேசு என்பதை நிறையளவில் மாத்திரமன்றி, தோற்ற நயத்திலும் இடவமைதியிலும் இவர் கண்டார்.

1942 இல், ஒஸ்கார் நீமாயர் வரைந்த வீடொன்றுக்காக ‘இலேசுக் கதிரை’யை ஆக்கினார். அடுத்த ஆண்டிற் பங்காளரோடு சொந்த நிறுவனந் தொடங்கினார். உறுதிமிக்க ஜக்கறண்டா மரத்தை மெல்லிதாக இழைத்தார். மெத்தைக்கு ஈடாகக் காற்றுப் புகும் பிரம்புப் பின்னலைக் கையாண்டார். பன்னிற மரங்களை இணைத்து இவர் செய்த முக்காற் கதிரையும் புகழ் பெற்றது.

1960களின் பிற்பகுதியில் இத்தொழிலை விடுத்து ஓவியத்திலும் சிற்பத்திலும் ஈடுபட்ட தென்றெய்றோ, 1992 இல் மறைந்தார். பிறந்த நாட்டின் கைத்திறனைப் புகுந்த நாட்டின் மரத்தோடும் காற்றோடும் இயைத்தமையே இவர் பெருமை. படியெடுத்தலை விடுத்து, வாழும் நிலத்தின் இயல்பை நோக்கியபோதே பிறேசிலின் தளபாடக்கலை தனக்கென ஓர் உருவம் பெற்றது.