மிளகு போன வழியில் போகும் படங்கள்
கேரள அனிமேஷன் ஸ்டுடியோக்களும் ஜப்பான் சொல்லும் பாடமும்

மட்டாஞ்சேரி பஜார் சாலைப் பண்டகசாலைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை ஒன்றுதான். மலையிலிருந்து வந்த மிளகைக் காயவைத்து, புடைத்து, தரம் பிரித்து, சாக்கில் தைத்துக் கப்பலேற்றினார்கள். யூதத் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கத்தில் கூவிக் கூவி விலை பேசினார்கள். அக்கரையில் அந்த மிளகை டப்பாவில் அடைத்தவர் தன் பெயரை ஒட்டி விற்றார். எடைக்கு உண்டான காசு இங்கே வந்தது. பெயரும் பெரிய லாபமும் அங்கே தங்கின.

1999-ல் கொச்சிக் கடற்கரைக்கு வேறொரு வணிகப் பாதை வந்து சேர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மேற்கு ஐரோப்பா வரை நீண்ட 'சீ-மி-வீ 3' கடலடி ஒளியிழை வடம் இந்தியாவில் கரையேறிய இரண்டு இடங்களில் ஒன்று கொச்சி, மற்றது மும்பை. அதே 1999-ல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 'டூன்ஸ் அனிமேஷன் இந்தியா' தொடங்கப்பட்டது. கேரளம் வெளியே அனுப்பும் சரக்குகளோடு அசையும் படங்களும் சேர்ந்துகொண்டன.

அந்தப் படங்களும் மிளகைப் போலவே பெயரில்லாமல் போகின்றனவா? இந்தத் தொழிலுக்கு ஆசைப்படும் ஒவ்வொரு பிள்ளையும், அவர்களின் பெற்றோரும், அரசும் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்டுடியோவுக்குள் என்ன நடக்கிறது?

மழையில் ஒரு சிறுமி குடையோடு ஓடிவருகிறாள். திரையில் மூன்று விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 72 படங்கள். கணினி அனிமேஷனில் அந்த 72 படங்களும் பல கைகள் மாறித்தான் உருவாகின்றன.

முதலில் காட்சியைச் சிறு சிறு கட்டங்களாக வரைந்து ஸ்டோரிபோர்டு போடுவார்கள். அடுத்து மாடலிங்: சிறுமியின் உடலையும் குடையையும் களிமண்ணில் பிடிப்பது போலக் கணினியில் முப்பரிமாணமாகச் செதுக்குவது. பிறகு ரிக்கிங்: அந்த உடலுக்குள் எலும்பும் மூட்டும் வைத்து, எதை இழுத்தால் எது அசையும் என்று கட்டுவது. அதற்கப்புறம்தான் அனிமேட்டர் வருகிறார். ஓடும்போது எந்தக் கால் முன்னே ஊன்றும், ஈரத்தில் செருப்பு எப்படி வழுக்கும், காற்றுக்குக் குடை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. துணியும் தலைமுடியும் தனித் துறை. வெளிச்சம் அமைப்பது தனித் துறை. எல்லாம் முடிந்தபின் ரெண்டரிங்: ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி கணக்கிட்டு முழுப் படமாக்குவது. கடைசியில் அடுக்கடுக்கான படங்களைச் சேர்க்கும் காம்போசிட்டிங்.

ரெண்டரிங்குக்கு ஆகும் நேரத்தைப் புரிந்துகொள்ள ஒரு ஜப்பானியப் படம் உதவும். 'ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தில் மொத்தம் 1,41,964 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக 90 நிமிடம் பிடித்தது. அதற்காகச் சுமார் 960 கணினிகள் ஓடின. கதாநாயகி ஆகியின் தலையில் 60,000 முடிகள். அவை தனித்தனியாக அசைய வேண்டும் என்று படைப்பாளிகள் பிடிவாதமாக இருந்தார்கள்.

சென்னை முந்திய ஓட்டம்

அந்தப் படம் வெளிவந்தது 2001 ஜூலையில். வீடியோ கேம் நிறுவனமான ஸ்கொயர், படத்துக்கென்றே ஹவாயின் ஹொனலுலுவில் 'ஸ்கொயர் பிக்சர்ஸ்' ஸ்டுடியோவை நிறுவியிருந்தது. இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. நடிகர்களின் உடல் அசைவைக் கருவிகளால் பதிந்து கணினிப் பாத்திரங்களுக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சர் முறையில் அது பெரிய பாய்ச்சல்.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, 2000-ல், 'சிந்துபாத்: பியாண்ட் தி வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்' வெளிவந்துவிட்டது. முழுக்க மோஷன் கேப்சரில் உருவான முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படமாக அது குறிப்பிடப்படுகிறது. அசைவுப் பதிவு நடந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். அதை வைத்துக் கணினியில் படத்தை உருவாக்கியது சென்னையின் பென்டாஃபோர், பின்னாளில் பென்டாமீடியா கிராஃபிக்ஸ். பிரெண்டன் ஃபிரேசரும் லியனார்ட் நிமோயும் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு உஷா கணேசராஜா இயக்கத்தில் அந்நிறுவனம் எடுத்த 'பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்' சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

இரண்டு முயற்சிகளும் வசூலில் அடிபட்டன. சிந்துபாத் அமெரிக்கத் திரையரங்குகளில் வந்த சுவடே தெரியாமல் போனது. சுமார் 13.7 கோடி டாலர் செலவான ஃபைனல் ஃபேன்டசி உலகம் முழுக்க ஈட்டியது ஏறத்தாழ 8.5 கோடி டாலர்தான். 'தி அனிமேட்ரிக்ஸ்' தொகுப்புக்கு ஒரு குறும்படம் செய்து கொடுத்ததோடு ஸ்கொயர் பிக்சர்ஸ் மூடப்பட்டது. பென்டாமீடியா மேலும் சில படங்கள் எடுத்தது. ஆனால் 2000-ல் கிடைத்த முன்னிலை தங்கவில்லை. 2014-ல் 'கோச்சடையான்' வந்தபோது மோஷன் கேப்சர் நமக்குப் புதிய சங்கதி என்றே பலரும் பேசினார்கள். சென்னை 14 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்திருந்தது நினைவில் இல்லை. ஒரே படத்தை நம்பி ஸ்டுடியோ நடத்தினால் படம் விழும்போது கைப்பழக்கமும் கலைந்துபோகும். அந்த இழப்புதான் பணத்தை விடப் பெரியது.

நாற்பது ஆண்டு நின்றது எப்படி?

இதற்கு நேர் எதிரான கதை டோக்கியோவின் பாலிகன் பிக்சர்ஸ். 1983-ல் தோஷிஃபுமி கவஹாரா தொடங்கிய இந்த ஸ்டுடியோ, உலகில் இன்றும் இயங்கும் பழைய கணினி அனிமேஷன் நிறுவனங்களில் ஒன்று. அப்போது ஜப்பானில் அனிமே என்றால் கைவரைதான். கணினிப் படங்களுக்கு விளம்பரங்களில் மட்டுமே இடம் இருந்தது. அந்த விளம்பரங்களில்தான் பாலிகன் வயிறு கழுவியது, கையும் பழகியது.

2003-ல் ஷூசோ ஷியோடா தலைமைக்கு வந்த பிறகு அது அமெரிக்கத் தொலைக்காட்சி வேலைகளைத் தேடிப் போனது. டிஸ்னியின் 'மை ஃபிரண்ட்ஸ் டிக்கர் அண்ட் பூ', 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: பிரைம்', 'டிரான்: அப்ரைசிங்' ஆகியவை அங்கே உருவானவை. எல்லாம் அடுத்தவர் பாத்திரங்கள், அடுத்தவர் கதைகள். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடர் என்பதால் வாராவாரம் தரம் குறையாமல் கொடுக்கும் ஒழுங்கு ஸ்டுடியோவுக்குள் ஊறியது. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: பிரைம்' எம்மி விருதும் வாங்கியது.

அந்தப் பயிற்சியோடு பாலிகன் சொந்த ஊர்ச் சந்தைக்குத் திரும்பியது. சுதோமு நிஹேயின் 'மாங்கா' எனும் ஜப்பானியப் படக்கதையைத் தழுவிய 'நைட்ஸ் ஆஃப் சிடோனியா' 2014-ல் வந்தது. முப்பரிமாணத்தில் செய்த உருவங்களைக் கைவரைபோலக் காட்டுவதுதான் அதில் சவால். நிழலை மெல்ல மெல்லக் கரைக்காமல், வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம் என்று வெட்டிப் பிரித்தார்கள். ஓரங்களுக்குக் கோடு கொடுத்தார்கள். வழுவழுவென்று ஓடும் அசைவில் சில நிலைகளைக் குறைத்து, கைவரைப் படத்துக்குரிய தாளத்தைக் கொண்டுவந்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் வழியே அந்தத் தொடர் உலகம் சுற்றியது. பிறகு 'அஜின்', 'பிளேம்!', மூன்று காட்ஸில்லா படங்கள் என்று வரிசை நீண்டது. இப்போது பாலிகன் பாணி என்றே ரசிகர்கள் அடையாளம் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிலும் உரிமை தானாக ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவதில்லை. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாம் பணம் போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைக்கும். லாபம் போட்ட பணத்துக்கேற்பப் பிரியும். பணம் போடாத ஸ்டுடியோவுக்குப் படம் எவ்வளவு ஓடினாலும் பேசிய கூலிதான். அந்த ஏற்பாட்டுக்குள்ளும் பாலிகன் இரண்டைச் சம்பாதித்தது: தனக்கென்று ஒரு கைவண்ணம், பேரம் பேசும் பலம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெனாலிராமன்

கேரளத்தின் டூன்ஸ் தொடங்கிய விதமே கவனிக்கத்தக்கது. டிஸ்னியில் உயர் பொறுப்பில் இருந்த பில் டென்னிஸ் அதன் முதல் தலைமை நிர்வாகி. வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பாமல், தொடக்கத்திலேயே அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒருவரைக் கையில் எடுத்தது. 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் தெனாலிராமன்' 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானது. அமெரிக்கப் பூனையும் எலியும் ஓடிக்கொண்டிருந்த அந்த அலைவரிசையில் இந்தியாவிலேயே உருவான தொடருக்கு இடம் கிடைத்தது அதுதான் முதல்முறை.

பிறகு பி. ஜெயக்குமார் தலைமையில் நிறுவனம் இரண்டு தடத்திலும் ஓடியது. ஒரு தடத்தில் அனுராக் காஷ்யப் இயக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' (2007), 'சுவாமி அய்யப்பன்' (2012) போன்றவை. மறு தடத்தில் 'டிராகன்லான்ஸ்', மார்வெலின் 'வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்' போன்ற வெளிநாட்டுப் படைப்புகள். ஸ்பெயினின் இமிராவும் அயர்லாந்தின் டெலிகேலும் பின்னர் அதன் குழுமத்துக்குள் வந்தன. உள்நாட்டுப் படைப்புகளுக்கு இவ்வளவு பங்கு கட்டாயம் என்று விதி வைத்திருக்கும் ஐரோப்பியச் சந்தையில், அங்கேயே ஒரு கால் இருப்பது பெரிய வசதி.

கூலியா, பங்கா, சொந்தமா?

ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவின் வருமானம் மூன்று வகையில் வரும்.

முதலாவது சர்வீஸ் வேலை. கதை, பாத்திரம், வடிவமைப்பு எல்லாம் வெளியிலிருந்து வரும். இங்கே செய்து கொடுத்தால் ஒப்பந்தப் பணம் கிடைக்கும். படம் பத்து நாட்டில் ஓடினாலும், அந்தப் பாத்திரம் பள்ளிப் பையிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் அச்சானாலும், அதற்கு மேல் காசு இல்லை.

இரண்டாவது கூட்டுத் தயாரிப்பு. ஸ்டுடியோ தன் உழைப்பையோ பணத்தையோ முதலீடாகப் போட்டு, சில நாடுகளின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது சொந்தப் படைப்பு. ஆபத்து அதிகம், பணம் திரும்ப ஆண்டுகள் ஆகும். ஆனால் பாத்திரம் நிலைத்துவிட்டால் அது பல தலைமுறைக்கும் சோறு போடும்.

சர்வீஸ் வேலை தாழ்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலிகனை வளர்த்தது அதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதுதான். ஆனால் அது மாறும் காற்று. இன்னொரு நாட்டில் கூலி குறைந்தால் ஆர்டர் அங்கே போகும். ஓடிடி நிறுவனங்கள் செலவைக் குறைத்தால் முதலில் நிற்பது வெளியே கொடுத்த வேலை. கோடு சுத்தம் செய்வது, உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டிப் பிரிப்பது போன்ற தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. புதிதாக வரும் பிள்ளைகள் தொழில் பழகும் வாசலே அதுதான் என்பதால் இது கவலைக்குரியது.

கதை நமக்குப் பஞ்சமா என்றால், மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் போய்ப் பார்க்கலாம். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் தசரதனின் வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்தி திரும்பும் வரை ராமாயணம் காட்சி காட்சியாகத் தீட்டப்பட்டிருக்கிறது. இடமே விடாமல் நெருக்கி வரைந்த உருவங்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையும். உடம்பின் வளைவுக்கேற்ப ஓடும் கோடு. அந்த ராமாயணத்தை முழுநீள அனிமேஷனாக்கப் பணம் திரட்டி அலைந்தவரோ ஜப்பானியரான யூகோ சாகோ. அவரும் கோயிச்சி சசாகியும் நம் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' 1992-ல் கையால் வரைந்து முடிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அது 4கே தரத்தில் தமிழிலும் திரைக்கு வந்தது. சாகோவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர் காட்டிய துணிச்சல் நம் முதலீட்டாளர்களுக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும்.

கேரளத்தின் கையில் இருப்பது

கேரள அரசு 2024-ல் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங் துறைகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அதைவிட நம்பிக்கை தருவது பள்ளிகளில் நடப்பது. 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் வழியே அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனிமேஷன் பழகுகிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று 'ஓப்பன்டூன்ஸ்'. திருவனந்தபுரம் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இத்தாலியில் உருவாகி, 'பிரின்சஸ் மோனோனோகே' காலம் முதல் ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி பயன்படுத்திவந்த மென்பொருளின் கட்டற்ற வடிவம் இது. 2016-ல் டோக்கியோவின் டுவாங்கோ நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜிப்லியின் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் கூடத்தில் இருந்த கருவி கேரள அரசுப் பள்ளியின் கணினி அறைக்கு இலவசமாக வந்திருக்கிறது.

கருவி வந்துவிட்டது, கையும் பழகுகிறது. அடுத்து வேண்டியது படத்தை வாங்கி ஒளிபரப்பும் ஓர் இடம். ஜப்பானில் அதைச் செய்தது பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே. 1978-ல் அது தன் முதல் அனிமே தொடரான 'ஃபியூச்சர் பாய் கோனன்' வேலையை நம்பி ஒப்படைத்தது ஹயாவோ மியாசாகியிடம். ஜிப்லி பிறக்க இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

கேரளத்திடம் 'கைட் விக்டர்ஸ்' இருக்கிறது. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை மாநிலம் முழுக்க வீடுகளுக்குக் கொண்டுபோன அரசு அலைவரிசை அது. மலையாளத்திலும் தமிழிலும் ஆண்டுக்கு ஒரே ஒரு குழந்தைகள் தொடரையாவது அது கேரள ஸ்டுடியோக்களிடம் கேட்டு வாங்கட்டும். ஒளிபரப்பு உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, பாத்திரத்தின் உரிமையை உருவாக்கியவர்களிடமே விடட்டும். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியும் இதையே செய்யலாம்; செலவைப் பகிர்ந்தால் இரு மாநிலத்துக்கும் சுமை பாதி.

அனிமேஷன் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி மையமோ ஸ்டுடியோவோ, சேருமுன் மென்பொருள்களின் பட்டியலைக் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். இங்கே சொந்தப் படைப்பு ஏதாவது நடக்கிறதா, செய்த வேலைக்கு டைட்டிலில் பெயர் வருமா, பாத்திரத்தை உருவாக்கியவருக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் பதில் சொல்லும் கட்டாயமும் பெருகும். தெனாலிராமனுக்கு அடுத்த பாத்திரம் அப்படிப்பட்ட ஸ்டுடியோ ஒன்றிலிருந்துதான் வரும்.