கரடிக்கும் கேமராவுக்கும் நடுவே 300 மீட்டர்

ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடிந்து, ஒரே நேரத்தில் இருட்டும் நிலம் நம்முடையது. நார்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் கதையே வேறு. அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பி வருகிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை மறைவதே இல்லை. நள்ளிரவிலும் வானில் தாழ்வாக நிற்கும் அந்தச் சூரியனின் மெல்லிய ஒளியைத் தேடித்தான் உலகெங்குமிருந்து புகைப்படக் கலைஞர்கள் அங்கே போகிறார்கள்.

ஆஸ்லோவிலிருந்து விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம் பறந்தால் லாங்யிர்பியன் என்ற சிற்றூர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 78 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து சிறு கப்பல்களில் கரையோரமாகப் பயணம். நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் பனியாறுகள். அவை கடலில் வந்து முடியும் இடங்களில் நீலப் பனிச்சுவர்கள் எழுந்து நிற்கும். கல்கரையில் வால்ரஸ்கள் தந்தங்களோடு கும்பலாகப் படுத்திருக்கும். ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது ஒரே படம்: துருவக் கரடி.

சட்டம் போட்ட கோடு

அந்தப் படத்தை எவ்வளவு நெருங்கி எடுக்கலாம்? கரடியைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதி முன்பே உண்டு. எத்தனை மீட்டர் என்ற கணக்குத்தான் இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது வந்துவிட்டது. குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கரடியே நம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போக வேண்டியது நாம்தான்.

வசந்த காலத்தில் மட்டும் ஏன் கூடுதல் தூரம்? தாய்க்கரடிகள் பனிக்குகையிலிருந்து குட்டிகளோடு வெளியே வரும் காலம் அது. கடற்பனிமேல் சீல்கள் குட்டி ஈனுவதும் அப்போதுதான். பனி உருகுவதற்குள் சீல்களை வேட்டையாடி உடலில் கொழுப்பு சேர்த்தால்தான் கரடிக்கு ஆண்டு ஓடும். தடித்த கொழுப்பும் உரோமமும் உள்ள அந்த உடம்பு ஓடினால் சீக்கிரம் சூடேறிவிடும். கப்பல் இரைச்சலுக்குப் பயந்து கரடி எழுந்து ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம். கடற்பனிக் காலம் சுருங்கிவரும் இந்நாளில் அந்த இழப்பை ஈடுகட்ட அவகாசமும் குறைவு.

நெருக்கம் மனிதருக்கும் ஆபத்து. 2018 ஜூலையில் சுற்றுலாக் கப்பல் ஒன்றின் பாதுகாவலர் வடக்குத் தீவு ஒன்றில் இறங்கியபோது கரடி தாக்கியது. அவர் காயத்தோடு தப்பினார். கரடி சுட்டுக் கொல்லப்பட்டது.

புதிய விதியைச் சுற்றுலாத் துறையினர் எதிர்த்தார்கள். கரடியை நேரில் பார்த்தவர்தான் அதைக் காக்கக் குரல் கொடுப்பார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பார்ப்பதை விதி தடுக்கவில்லை, துரத்துவதைத்தான் தடுக்கிறது.

தூரத்தில் கிடைக்கும் படம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 மில்லிமீட்டர் அகல சென்சார் கொண்ட கேமராவில் 500 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டினால், 300 மீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ 22 மீட்டர் அகலக் காட்சி சட்டத்துக்குள் விழும். இரண்டரை மீட்டர் நீளக் கரடி அதில் ஒன்பதில் ஒரு பங்கு. மீதி எல்லாம் பனி, கடல், வானம். அதை வீணான இடமென்று நினைப்பவர் வெட்டி எறிவார். கரடி வாழும் வீடு அது என்று நினைப்பவருக்கு அதுதான் படம்.

நிமா சரிகானி என்ற பிரிட்டிஷ் புகைப்பட ஆர்வலர் ஸ்வால்பார்ட் கடலில் எடுத்த படம் இதற்கு நல்ல உதாரணம். மூன்று நாள் பனிமூட்டத்தில் தேடி அலைந்த பிறகு இரண்டு கரடிகள் கண்ணில் பட்டன. நள்ளிரவை நெருங்கும் வேளையில் இளங்கரடி ஒரு சிறு பனிப்பாறையில் ஏறி, நகத்தால் சுரண்டிப் படுக்கை அமைத்து உறங்கிப்போனது. உறங்கும் கரடியும் மிதக்கும் பனியும் சுற்றிலும் கடலும்தான் படம். பல்லைக் காட்டும் முகம் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் பொதுமக்கள் வாக்களித்து, 2024-ல் அதற்கே விருது கொடுத்தார்கள்.

நெருங்கிப் பார்க்க ஆசையா? கரடியை விட்டுப் பறவைகளிடம் போகலாம். ஹின்லோப்பன் நீரிணையில் உள்ள ஆல்க்ஃபியெல்லட் பாறைச்சுவரில் கறுப்பு வெள்ளைக் கில்லமாட் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. கூடு கட்டுவதில்லை, வெறும் பாறை விளிம்பிலேயே முட்டை. சுமார் மூன்று வாரக் குஞ்சு, சரியாகப் பறக்கத் தெரியுமுன்னே கடலை நோக்கிக் குதிக்கும். தந்தைப் பறவை கூடவே நீந்திப் போகும். இங்கும் படகு மெதுவாகத்தான் போக வேண்டும். தரையில் முட்டையிடும் ஆர்க்டிக் ஆலாவோ, நாம் கிட்டப் போனால் தலையிலேயே கொத்தும். அது கொத்தினால் நாம் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

• பனியின் வெண்மை கேமராவின் ஒளி அளவீட்டை ஏமாற்றும். படம் சாம்பல் நிறமாகிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள்.

• குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். மாற்று பேட்டரியை உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

• குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தால் நம் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அங்கே அது தலைகீழாக நடக்கும். வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். மெதுவாகச் சூடேறிய பிறகு திறக்கலாம்.

• அறைச் சன்னல் வழியே படம் எடுக்காதீர்கள். உள்ளிருந்து வரும் வெப்பக் காற்று, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸின் கூர்மையையும் கெடுத்துவிடும்.

• பயணத்தைப் பதிவு செய்யுமுன், 300 மீட்டர் விதியை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நடத்துநரிடம் கேளுங்கள். "கிட்டத்தில் காட்டுகிறோம்" என்று ஆசை காட்டினால் வேறு கப்பலைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எடுத்த படத்தில் கரடி நேராக உங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் வேட்டையோ உறக்கமோ கலைந்துவிட்டது என்று அறியுங்கள். உங்களைக் கவனிக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கரடிதான் நல்ல படம்.