ஒரு நாளா, பதினோரு நாளா?

நவம்பர் 11, சீனாவின் இணைய விற்பனைத் திருவிழா. அலிபாபா நிறுவனம் இதை 2009-இல் தொடங்கியது. 2019-இல் அந்த ஒரே நாளில் 26,840 கோடி யுவானுக்கு ஆர்டர்கள் குவிந்தன. அடுத்த ஆண்டு 49,820 கோடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றுதானே தோன்றுகிறது? அங்கேதான் கவனம் வேண்டும், நேயர்களே. 2020-இல் கணக்கெடுத்தது ஒரு நாளை அல்ல, நவம்பர் 1 முதல் 11 வரையிலான நாட்களை. முந்தைய ஆண்டின் அதே நாட்களோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 26 சதவீதம். அதுவும் நல்ல வளர்ச்சிதான், ஆனால் இரட்டிப்பு இல்லை. எத்தனை நாள் கணக்கு என்பதே முதல் கேள்வி. அடுத்தது, இவை ஆர்டர்களின் மதிப்பு. பின்னர் திரும்பி வரும் பொருட்களின் தொகை இதில் கழிவதில்லை. 2022-இல் அலிபாபா மொத்தத் தொகையை அறிவிப்பதையே நிறுத்திக்கொண்டது.