திரை கறுத்திருக்கும்போது உள்ளே நடப்பது

டிடிஆர்5 ரேம் போட்ட புது கம்ப்யூட்டரை முதல் முறை ஆன் செய்தால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. மதர்போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய குட்டி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம் போகும். சில போர்டுகளில் அதற்கு மேலும் இழுக்கும். ரேம் போய்விட்டது என்று முடிவுகட்டி, பலர் பவரை அணைப்பது இந்த இடத்தில்தான். தயவுசெய்து அணைக்காதீர்கள்! அந்தப் பெட்டிக்குள் அப்போது மெமரி டிரெயினிங் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் செய்யும் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் அறிமுகம் நடக்கிறது. ரேம் ஸ்டிக்கின் நடுவில் எஸ்.பி.டி. என்றொரு சின்ன சிப் இருக்கிறது. கொள்ளளவு வெறும் 1024 பைட். ‘நான் யார், எவ்வளவு பெரியவன், எந்த வேகத்தில் ஓடுவேன்’ என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். போர்டு அதைப் படித்துவிட்டு, ஜெடெக் அமைப்பு வகுத்த தரத்தின்படி பாதுகாப்பான வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். அது பெரும்பாலும் 4800. பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஸ்டிக், போட்டவுடன் 4800-இல் ஓடுவது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை! அந்த 6000, அதே சிப்பில் தனிப் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. இன்டெல் 2007-இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி., ஏ.எம்.டி. 2022-இல் கொண்டுவந்த எக்ஸ்போ என்பவை அந்தப் பக்கத்தின் பெயர்கள். போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் நிரலுக்குள் போய் நாம்தான் அதை ஆன் செய்ய வேண்டும்.

ஆன் செய்தாயிற்று. இனிமேல்தான் வேடிக்கை.

6000 என்றால் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 600 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 167 பிக்கோ நொடி. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோ நொடி. 167 பிக்கோ நொடியில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் போகும். போர்டின் செப்புத் தடத்தில் சிக்னல் போவது ஏறக்குறைய அதில் பாதி. அதாவது, பிராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் வழியில் முந்தைய பிட் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பிட் கிளம்பிவிட்டது! ஒரே கம்பியில் இரண்டு மூன்று பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது மயிர்க்கூச்செறியும் விஷயம்தான்.

மதர்போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பிராசசருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் நடுவே சில தடங்கள் நேராகப் போகாமல் பாம்பாக நெளிவது தெரியும். தூரம் குறைந்த தடத்தை வேண்டுமென்றே நீட்டி, எல்லாப் பிட்டுகளும் ஒரே சமயத்தில் வந்து சேரும்படி செய்திருக்கிறார்கள். அப்படியும் துல்லியம் போதாது. கட்டளையும் கடிகாரத் துடிப்பும் ஸ்டிக்கில் ஒரு சிப்பைத் தொட்டு, அடுத்ததைத் தொட்டு, வரிசையாகப் போகின்றன. பந்தியில் முதல் இலைக்குச் சோறு விழுந்து சற்று நேரம் கழித்துத்தானே கடைசி இலைக்கு வரும்? அதே கதைதான். ஒவ்வொரு சிப்புக்கும் துடிப்பு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது.

அதைச் சரிசெய்யும் விதம் எவ்வளவு அழகு பாருங்கள்! பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சைகை அனுப்புகிறது. சைகை வந்த கணத்தில் கடிகாரத் துடிப்பு கீழே இருந்தால் சிப் ‘0’ என்கிறது, மேலே இருந்தால் ‘1’ என்கிறது. கன்ட்ரோலர் சைகையைக் கொஞ்சம் தள்ளி அனுப்பும். 0. இன்னும் கொஞ்சம். 0. இன்னும் கொஞ்சம். 1! பதில் மாறிய அந்த இடத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அடுத்த சிப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து.

அது முடிந்ததும் கண் தேடும் படலம். ஒரு மாதிரித் தகவலை எழுதி, திரும்பப் படித்து, சரியா தவறா என்று பார்க்கிறது. நேரத்தை ஒரு படி இப்படி நகர்த்துகிறது, மின்னழுத்த அளவுகோலை ஒரு படி அப்படி நகர்த்துகிறது, மறுபடியும் படிக்கிறது. சரியாக வந்த புள்ளிகளை எல்லாம் வரைந்தால் நடுவில் ஒரு கண் வடிவம் கிடைக்கும். அந்தக் கண்ணின் மையத்தில் போய் நின்றுகொள்வதுதான் குறிக்கோள். வேகம் கூடக்கூடக் கண் இடுங்கிக்கொண்டே போகும். முந்தைய பிட் விட்டுச்சென்ற எச்சம் அடுத்த பிட்டைக் கலக்காமல் இருக்க, அந்த எச்சத்தைக் கழித்துவிடும் சுற்று ஒன்றை டிடிஆர்5 சிப்புகளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இரண்டு ஸ்டிக் போட்டால் தகவல் கம்பிகள் மட்டும் 128. திரை ஏன் அவ்வளவு நேரம் கறுத்திருந்தது என்று இப்போது புரிகிறதா?

இவ்வளவு பாடுபட்டும் சில கம்ப்யூட்டர்கள் 6000-இல் தடுமாறுகின்றன. ஸ்டிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, மறுமுனையில் பிராசசர் இருக்கிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதி தருவது இரண்டு ஸ்டிக்குடன் 5200 வரைதான். நான்கு ஸ்டிக் போட்டால் அது 3600-க்கு இறங்கிவிடும்! அதற்கு மேல் ஓடுவதெல்லாம் அந்தந்தப் பிராசசரின் திறமை. ஆகவே நான் எப்போதும் சொல்வது: நான்கு வேண்டாம், ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த இரண்டை வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றுக்கு இடம். டிரெயினிங் செய்யும் நிரல் பயாஸுக்குள் இருப்பதால், பயாஸைப் புதுப்பித்ததுமே முரண்டு பிடித்த ஸ்டிக் வழிக்கு வருவதும் உண்டு.

கண்மூடித்தனமாக வோல்ட்டேஜ் ஏற்றுவது மட்டும் வேண்டாம். 2023-இல் சில ரைசன் பிராசசர்கள் கருகிப்போன பிறகு, மெமரி கன்ட்ரோலருக்கும் மின்சாரம் தரும் எஸ்.ஓ.சி. வோல்ட்டேஜுக்கு ஏ.எம்.டி. 1.3 என்று உச்சவரம்பு போட்டது.

வெப்பமும் ஒரு கை பார்க்கும். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம், அது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்5-இல் 32 மில்லி நொடிக்குள் எல்லா அறைகளையும் ஒரு சுற்று நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். காலையில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் மதியம் விளையாட்டின் நடுவே நீலத் திரை காட்டினால், ஸ்டிக்குகளுக்குக் காற்று போகிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றினாலும் நம்பிவிடாதீர்கள். மெம்டெஸ்ட்86 நிரலை யூ.எஸ்.பி.யில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். டிடிஆர்5 சிப்புக்குள் பிழை திருத்தும் வசதி இருப்பது உண்மை. ஆனால் அது காப்பது சிப்புக்குள் இருக்கும் பிட்டை மட்டும், கம்பியில் வரும் வழியில் கெட்டுப்போவதை அல்ல. பிழை வந்தால் சோர்ந்துபோக வேண்டாம், 5800-க்கு இறக்கிப் பாருங்கள். அங்கே ஒரு பிட்டுக்கு 172 பிக்கோ நொடி கிடைக்கிறது. கூடுதலாக வந்தது ஆறு பிக்கோ நொடிகூட இல்லை, ஆனாலும் பல கம்ப்யூட்டர்களில் பிழை அதோடு நின்றுவிடுகிறது!